ரீஸ்டார்ட் போட்டாச்சு, காரணம் என்ன?

2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் ஆலைகளும் நின்றன. அதற்கு முந்தைய ஆண்டு, உதிரிபாகம் தரும் ஒரு நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டதால் இதே ஆலைகள் ஒரு நாள் மூடிக் கிடந்தன. அதனால் இந்த முறையும் ஹேக்கர் வேலைதான் என்ற பேச்சு கிளம்பியது. சில நாளில் நிறுவனமே காரணத்தை எழுதி வெளியிட்டது. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் 27ஆம் தேதி பராமரிப்பு வேலை நடந்திருக்கிறது. டேட்டாபேஸில் சேர்ந்து கிடந்த தரவை நீக்கி ஒழுங்கு செய்யும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் போய், சிஸ்டம் நின்றுவிட்டது. மாற்று ஏற்பாடும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் கூடவே நின்றது. அதிக இடமுள்ள சர்வருக்குத் தரவை மாற்றி மறுநாள் உற்பத்தியைத் தொடங்கினார்கள்.

டேட்டாபேஸ் நிர்வாகியாக இருபது ஆண்டுகளாகக் காலம் தள்ளும் எனக்கு ஆலை நின்றதில் ஒரு வியப்பும் இல்லை. டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நிற்பது எங்கள் தொழிலில் தினப்படிச் சமாச்சாரம். ஆனால் அத்தனை பெரிய நிறுவனம் ‘டிஸ்க்கில் இடமில்லாமல் போய்விட்டது’ என்று வெட்கப்படாமல் எழுதியதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? ரேஷன் கடையில், பத்திரப்பதிவு அலுவலகத்தில், வங்கியில், மருத்துவமனை பில்லிங் கவுண்டரில் “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க” என்கிறார்கள். நாளைக்குப் போனால் வேலை நடக்கிறது. நேற்று ஏன் நடக்கவில்லை என்று நாமும் கேட்பதில்லை. கேட்டாலும் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. அவருக்கு மேலே இருப்பவருக்குத் தெரியாது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கே பல நேரம் தெரியாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. யாரோ ரீஸ்டார்ட் போட்டார், ஓடியது, வீட்டுக்குப் போனார். இது பழுதுநீக்கமே அல்ல. காரணத்தை எழுதாமல் போட்ட ரீஸ்டார்ட்டுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

ஈரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. காலை பதினொரு மணி வாக்கில் பில்லிங் கவுண்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறைந்துவிடும். பில் போடும் பெண் ‘சேவ்’ அழுத்துவாள். திரை அப்படியே நிற்கும். ஒரு நிமிஷம் ஆவதற்குள் 1205 என்று ஒரு பிழை வரும். மறுபடி அழுத்தினால் மறுபடி அதே கதை. சாஃப்ட்வேர் கொடுத்த நிறுவனம் “மெமரி பத்தலீங்க” என்று சொல்லி 16 ஜிபியை 64 ஜிபி ஆக்க வைத்திருந்தது. பதினொரு மணி உறைச்சல் அப்படியே இருந்தது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் உடனே சரியாகும் என்பதால் அதற்கென்றே ஒரு பையனை வைத்திருந்தார்கள்.

நான் போன அன்று கணக்குப்பிரிவுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம், சரியாயிரும்ங்க. ஆளுக சத்தம் போடறாங்க” என்று அவசரப்படுத்தினார். ரெண்டு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு அவர்களுடைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ‘ஷோ ப்ராசஸ்லிஸ்ட்’ போட்டேன். அந்த நொடியில் டேட்டாபேஸோடு யார் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எவ்வளவு நேரமாக, என்ன வேலையாக என்று வரிசையாகக் காட்டும் கட்டளை அது. கவுண்டர்கள் எல்லாம் 20 விநாடி, 35 விநாடி, 48 விநாடி என்று காத்திருந்தன. புதிதாய்ப் பார்ப்பவர் கண் அந்த வரிகளில்தான் நிற்கும். நான் தேடியது வேறு. கீழே ஒரு வரி, நிலை ‘ஸ்லீப்’, ஆயிரத்துச் சொச்சம் விநாடி. தூங்கும் இணைப்பு எந்த சர்வரிலும் பத்து இருபது கிடக்கும், பெரும்பாலும் சாது. ஆனால் இது ஒரு டிரான்சாக்ஷனை, அதாவது முழுதாக முடிய வேண்டிய, இல்லையேல் முழுதாக ரத்தாக வேண்டிய வேலைத் தொகுப்பை, பாதியில் திறந்து வைத்துவிட்டுத் தூங்கியது. டிரான்சாக்ஷன்களைக் காட்டும் அட்டவணையில் பார்த்ததும் அது உறுதியாயிற்று.

எந்தக் கணினி என்பது அதே வரியில் இருந்தது. இரண்டாவது பில்லிங் அறை. போய்ப் பார்த்தால் பணம் திருப்பிக் கொடுக்கும் திரை திறந்திருக்கிறது, ‘காரணம்’ என்ற கட்டத்தில் கர்சர் மினுங்குகிறது, நாற்காலியில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். “மேனேஜர் சார் பாஸ்வேர்டு போடோணும்ங்க அக்கா, அவரு கேன்டீனுக்குப் போயிருக்காருங்க” என்றாள். டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு முன்பணத்தில் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் பதினொரு மணி. மேனேஜர் டீ குடிக்கும் நேரமும் அதுதான்.

நடந்தது இவ்வளவுதான். அந்த மருத்துவமனையில் பில், ரசீது, திருப்பித் தரும் சீட்டு எல்லாவற்றுக்கும் அடுத்த எண் டேட்டாபேஸ் அட்டவணை ஒன்றின் ஒரே ஒரு வரியிலிருந்து எடுக்கப்படுகிறது. இரண்டு பேருக்கு ஒரே எண் போய்விடக் கூடாது என்பதால், ஒருவர் எண் எடுத்தால் அவர் வேலை முடியும்வரை டேட்டாபேஸ் அந்த வரியைப் பூட்டி வைக்கும். அது சரியான வேலை. அதற்காகத்தான் டேட்டாபேஸே வாங்குகிறோம். தப்பு திரையை எழுதியவர் மேல். திரை திறந்தவுடனே எண்ணை எடுத்துவிட்டு, பிறகு காரணம் கேட்டு, பிறகு மேனேஜருக்காகக் காத்திருக்கும்படி எழுதியிருந்தார். மேனேஜர் திரும்பி வரும்வரை மற்ற கவுண்டர் அத்தனையும் அந்தப் பூட்டின் முன்னால் வரிசையில் நிற்கும். இப்படிப் பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் இயல்பான அளவு 50 விநாடி. அதற்கு மேல் 1205ஆம் பிழையைக் கொடுத்து விலக்கிவிடும். அந்தப் பிழைச்செய்தி சொல்வது டிரான்சாக்ஷனை மறுபடி தொடங்கிப் பாருங்கள் என்று. படித்தவர்கள் சர்வரை மறுபடி தொடங்கினார்கள்!

ரீஸ்டார்ட் ஏன் பலித்தது என்பதும் இதில் தெரிகிறது. சர்வர் நின்றால் பாதியில் கிடந்த டிரான்சாக்ஷன் ரத்தாகும், பூட்டு விலகும். கூடவே அந்த நோயாளிக்குத் திருப்பித் தர எடுத்த சீட்டும் காணாமல் போகும். பணம் வாங்க வந்தவர் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நின்று சண்டை போட்டதற்குக் காரணம் அதுதான். அந்த ஒரு இணைப்பை மட்டும் துண்டித்திருந்தால் மற்ற எல்லோருக்கும் உடனே வழி விட்டிருக்கும், சர்வரைத் தொடவே வேண்டியதில்லை. எண் எடுக்கும் வேலையைச் ‘சேவ்’ அழுத்திய பிறகு நடக்கும்படி மாற்றியதும் பதினொரு மணிப் பிரச்சினை தீர்ந்தது. வாங்கிப் போட்ட மெமரி வீண்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. உறைந்த நிலையிலேயே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ரீஸ்டார்ட் போட்ட கணமே ப்ராசஸ்லிஸ்ட் போய்விடும், யார் யாரைத் தடுத்தார் என்பது போய்விடும், மெமரியில் மட்டும் சேர்த்து வைக்கும் செயல்திறன் கணக்குகளும் போய்விடும். கொலை நடந்த வீட்டைக் கழுவிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுவது போன்ற வேலை. மெதுவாக ஓடும் குவெரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, கோப்பில் எழுதி வைக்கும் வசதி மைஎஸ்கியூஎல்லில் உண்டு. ஆனால் நிறுவும்போது அது அணைந்துதான் இருக்கும். அதைப் போட்டு வைத்திருக்கும் இடங்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இன்னொரு கேடும் உண்டு. லட்சக்கணக்கான வரிகளை மாற்றும் வேலை ஒன்று பாதியில் இருக்கும்போது சர்வரை நிறுத்தினால், மாற்றியதை எல்லாம் பழையபடி திருப்பும் வேலை ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் ஓடும். “இன்னும் ஸ்லோவா இருக்கே” என்று இன்னொரு தடவை ரீஸ்டார்ட் போடுவார்கள்.

டிஸ்க் நிரம்பும்போது இதே அவசரம் ஆபத்தாகவே முடியும். இடம் இல்லை என்றதும் பெரிய கோப்பு எது என்று தேடி அழிக்கத் தொடங்குவார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ‘பிஜி எக்ஸ்லாக்’ என்று ஒரு கோப்புறை இருந்தது. பெயரில் ‘லாக்’ இருக்கிறதே, பழைய பதிவேடுதானே என்று அழித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. உண்மையில் மின்சாரம் போனாலும் தரவைக் காப்பாற்றித் தருவது அந்தக் கோப்புகள்தான். அவற்றை அழித்தால் டேட்டாபேஸ் எழுந்திருக்காது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதன் பெயரை ‘பிஜி வால்’ என்று மாற்றியே விட்டார்கள். பதற்றத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதி வைத்துப் பேசியதால் வந்த மாற்றம் அது. ரீஸ்டார்ட் போட்டு மறந்திருந்தால் இன்றும் அழித்துக்கொண்டிருப்போம்.

சரி, ஏன் யாரும் காரணம் தேடுவதில்லை? சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். பராமரிப்பு ஒப்பந்தங்களைப் படித்துப் பாருங்கள். சர்வர் ஆண்டில் 99 சதவீத நேரம் ஓட வேண்டும் என்று இருக்கும். கேட்க மிடுக்காக இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 87 மணி நேரம் நின்றாலும் ஒப்பந்த மீறல் இல்லை. இதில் ஐந்து நிமிஷ ரீஸ்டார்ட் லாபம், நாற்பது நிமிஷம் உட்கார்ந்து ஆராய்வது நஷ்டம். தினமும் பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் நிற்கும் சர்வர், ஆண்டுக்கு முப்பது மணி நேரம்தான் நிற்கிறது. ஒப்பந்தப்படி அது நல்ல சர்வர்! காரணம் கண்டுபிடித்தவருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும் ஒப்பந்தத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொரு காரணம் பயம். சர்வர் நின்றால் நம் ஆபீஸில் முதல் கேள்வி “யாரு பண்ணது?” என்பதுதான். இருபத்து மூன்று வயதுப் பையன் தப்பான கட்டளையை அடித்திருந்தால், தடயத்தைத் துடைப்பதற்கு ரீஸ்டார்ட்டைப் போல் வசதி வேறில்லை. இதற்கு நேர்மாறான உதாரணம் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை போஸ்ட்கிரெஸ் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபி அளவில் இருந்தது 4.5 ஜிபி ஆகியிருந்தது. பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் எடுக்கும் கருவி 9.2ஆம் பதிப்பு, டேட்டாபேஸோ 9.6, அதனால் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் தள்ளிவிட்டிருந்தது. வேறு வேலைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டி, பிறகு விளக்க அறிக்கையும் போட்டார்கள். அந்த அறிக்கை ஒரு தனி மனிதரைத் தூக்கில் போடவில்லை. மின்னஞ்சல் வராததை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டது.

அரசு நிறுவனம் இப்படிச் சொல்லுமா என்பவர்களுக்கு: 2023 ஜனவரி 11 காலை அமெரிக்கா முழுவதும் உள்நாட்டு விமானங்கள் கிளம்பாமல் நிறுத்தி வைக்கப்பட்டன. விமானிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும் அமைப்பு செயலிழந்ததுதான் காரணம். அடுத்த சில நாளிலேயே அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொன்னது: முதன்மை டேட்டாபேஸையும் பேக்கப் டேட்டாபேஸையும் ஒத்திசைக்கும் வேலையில் ஒப்பந்த ஊழியர்கள் தவறுதலாகக் கோப்புகளை அழித்துவிட்டார்கள்.

இந்தியாவில் சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் மக்களை வரிசையில் நிறுத்துவது பெரும்பாலும் ஹேக்கர் அல்ல; நிரம்பிய டிஸ்க்கும் திறந்து கிடந்த டிரான்சாக்ஷனும் விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் போடாத அட்டவணையும்தான். பொதுமக்கள் சேவைக்கான ஒரு சர்வர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால், ஒரு வாரத்துக்குள் காரணத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அந்தத் துறை வெளியிட வேண்டும். என்ன நின்றது, எப்போது தெரிந்தது, ஏன் நின்றது, மறுபடி நிற்காமல் இருக்க எதை மாற்றினோம் என்று இருந்தால் போதும். ஊழியர் பெயர் வேண்டாம்.

“ரகசியம் வெளியே போய்விடும்” என்பார்கள். டிஸ்க் நிரம்பியது என்பதில் என்ன ரகசியம்? “நோயாளி காத்திருக்கும்போது ஆராய்ச்சி செய்ய முடியுமா?” என்பது நியாயமான கேள்வி. முடியாதுதான். உயிர் போகும் அவசரத்தில் ரீஸ்டார்ட் போடுங்கள், நானும் போடுவேன். அதற்கு முன்னால் ப்ராசஸ்லிஸ்ட், மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் நிலை, டிஸ்க்கில் உள்ள இடம், பிழைப் பதிவின் கடைசிப் பகுதி ஆகியவற்றை ஒரு கோப்பில் கொட்டி வைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஓட ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்தக் கோப்பு இல்லாமல் போட்ட ரீஸ்டார்ட்டுக்கு அந்த மாதப் பராமரிப்புத் தொகையில் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால், அடுத்த மாதமே எல்லா சர்வரிலும் அந்த ஸ்கிரிப்ட் இருக்கும். டெண்டர் தயாரிக்கும் அதிகாரிகளுக்கு வாசகம் வேண்டுமானால் எழுதித் தருகிறேன். அரைப் பக்கம்கூட வராது, பணமும் வேண்டாம்.