பிணியாளர் இரப்போர் அல்லர்

நம் பங்குகளில் பிணியாளருக்காகச் செய்யப்படுவன பல. இல்லம் சென்று நற்கருணை வழங்குகிறோம். பெயர் சொல்லி மன்றாடுகிறோம். அறுவை சிகிச்சைக்குப் பணம் திரட்டுகிறோம். இவை நல்லவையே. ஆயினும், நோயுற்றவரைப் பேசவிட்டு நாம் கேட்பதில்லை. மருந்துக்கு ஏன் இந்த விலை என்று அவர் வினவினால், "எல்லாம் இறைவன் சித்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். இரக்கத்தின் பெயரால் நடைபெறும் இந்த வாயடைப்பை இனியும் பக்தி என்று அழைக்கலாகாது.

நோயாளர் பேசினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று சென்னையிலேயே உண்டு. ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தை நோவார்ட்டிஸ் நிறுவனம் மாதத்திற்குச் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்றது. அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தயாரித்தன. அம்மருந்தின் ஒரு படிக வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் கோரிய காப்புரிமையை, மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளர் உதவிச் சங்கம் எதிர்த்தது. 2006 சனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அக்கோரிக்கையை மறுத்தது. அறிந்த மருந்தின் புது வடிவம் கூடுதலாகக் குணமளித்தாலன்றி அதற்கு உரிமை இல்லை என்பது சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை நிராகரித்தது.

ஆயிரக்கணக்கான நோயாளருக்கு மருந்தை இலவசமாகவே தந்தோமே என்றது நிறுவனம். தந்தது உண்மை, அதற்கு நன்றியும் உரித்தாகுக. ஆனால் யாருக்கு, எத்தனை நாள் என்பதைத் தானத்தில் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். நியாய விலை என்பதோ எவர் மனமும் கனியக் காத்திராது. நம் பங்கின் உதவித்தொகைக்கும் இக்கூற்று பொருந்தும்.

"ஆதாயம் இல்லையேல் ஆராய்ச்சி ஏது?" என்பர் சிலர். நேர்மையான வினாதான். ஆயினும் காசநோயின் வரலாறு வேறு விடை தருகிறது. மருந்துக்கு அடங்காத காசநோயைக் குணப்படுத்தும் பெடாகுலின் மாத்திரைக்கு ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் 2023 சூலை வரை முழுமையான காப்புரிமைக் காலத்தை அனுபவித்தது. அதை எவரும் பறிக்கவில்லை. மாத்திரையின் உப்பு வடிவத்தைக் காட்டி 2027 வரை அதை நீட்டிக்க முயன்றபோதுதான் எதிர்ப்பு எழுந்தது. 2019-இல் அதை எதிர்த்தோர் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள்; சிகிச்சையின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த நீட்டிப்புக் கோரிக்கை மறுக்கப்பட்டது. காதைப் பறிக்காமல் குணமாக்கும் மருந்தே புதுமை, பழைய மாத்திரைக்குப் புதிய உப்பு அன்று என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

ஆராய்ச்சிக்கு ஆதாயம் ஒன்றே ஊற்றும் அன்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான ஏழை இல்லங்களில் இருந்தபடியே மருந்துண்டோரும் சானடோரியத்தில் தங்கியோரைப் போலவே குணமடைந்தனர் என்று கண்டு, உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. அதைச் செய்தது பொதுப்பணம்.

இதெல்லாம் நீதிமன்றச் செய்திதானே, நமக்கென்ன என்று எண்ண வேண்டா. திருமுல்லைவாயிலிலிருந்து கீழ்ப்பாக்கத்திற்கும் ஸ்டான்லிக்கும் செல்லும் தொழிலாளர், 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தரும் மருந்தை நம்பியே செல்கின்றனர். ஒருவரே விற்கும் மருந்துக்கு அவர் வைத்ததே விலை. அந்த விலை அரசு மருத்துவமனையின் அலமாரியையும் காலியாக்கும். இந்நிலையில், 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகள், காப்புரிமை வழங்குமுன் எதிர்ப்போருக்குக் கட்டணம் விதித்தன. எதிர்ப்பு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் முடிவு செய்யவும் வழிவகுத்தன. வீண் எதிர்ப்பைத் தடுக்கவே இது என்பர். நோயாளர் ஏறவேண்டிய படி உயர்ந்துவிட்டது என்பதே உண்மை. அதைக் குறித்து நம் பங்குப் பேரவைகளில் ஒரு சொல்லேனும் எழுந்ததா?

எரிகோவில் கூவியழைத்த பார்வையற்றவரைக் கூட்டம் அதட்டியது. ஆண்டவரோ நின்று, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். குறை கண்முன் தெரிந்தும் கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

வரும் பிப்ரவரி 11, உலக நோயாளர் நாளன்று, திருப்பலிக்குப்பின் பிணியாளர்களை மண்டபத்தில் அமரச்செய்து நாமும் கேட்போம். எந்த மருந்து கிடைக்கவில்லை, எத்தனை நாளாய், வெளியில் என்ன விலை என்பதை வின்சென்ட் தே பவுல் சபையினர் எழுதிக்கொள்ளட்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மருந்து இருப்பைக் கேட்டு விண்ணப்பிக்கட்டும். அதில் முதல் கையொப்பம் நோயாளருடையதாய் இருக்கட்டும். நம்முடையவை அதற்குக் கீழே வரட்டும்.