நாபோத்தின் தோட்டமும் சஃபோக்கின் காடும்



ஆகாப் ராஜா நாபோத்திடம் முதலில் கேட்டது அநியாயமான காரியமாகத் தோன்றவில்லை. யேசபேலின் சூழ்ச்சியும், பொய்ச்சாட்சிகளும், கல்லெறிதலும் பின்னால் வந்தவை. அவற்றின் பயங்கரத்தில் முதல் உரையாடலை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அரண்மனையை அடுத்திருந்த திராட்சத்தோட்டத்தைக் கீரைக்கொல்லையாக்க அரசன் விரும்பினான். அதற்கு மாற்றாக அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான். வேண்டாமென்றால் விலையைப் பணமாகவே கொடுப்பதாகவும் சொன்னான். நிலம் கையகப்படுத்த வரும் எந்த அதிகாரியும் இதைவிடத் தாராளமாகப் பேசமாட்டார். நாபோத் பேரம் பேசவில்லை. தன் பிதாக்களின் சுதந்தரத்துக்கு விலை என்ற ஒன்றே கிடையாது என்பதே அவன் பதிலின் பொருள்.

இந்த அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் நாபோத்தின் மறுப்பு எனக்குக் கண்கூடாக விளங்கியது, கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள பிராட்ஃபீல்ட் காட்டில்தான். ஊழிய நிமித்தம் அங்கே சென்றிருந்தபோது, அங்குக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தார் என்னை அழைத்துச் சென்றார்கள்.

பழங்காடு என்றவுடன் வானளாவிய மரங்களையும் மனித காலடி படாத இருளையும் நான் எதிர்பார்த்துப் போனேன். அங்கே கண்டது வேறு. நான் கண்ட மரங்களில் பெரும்பாலானவை மெலிந்தவை. ஒரே அடியிலிருந்து ஐந்தும் பத்துமாகக் கம்புகள் கிளம்பி நின்றன. சில இடங்களில் காடு முழுவதுமாக வெட்டப்பட்டு வெயில் விழுந்துகொண்டிருந்தது. “இதுவா பழங்காடு?” என்று வாய்விட்டே கேட்டேன்.

அதுதான் பழங்காடு. நம் ஊர் விவசாயிகள் கரும்பை வெட்டியபின் கட்டையை விட்டுவைத்து மறுதாம்பு எடுப்பதை அறிவீர்கள். அதையே மரத்தில் செய்கிறார்கள்; ஆங்கிலேயர் இதைக் காப்பிஸ் என்பர். ஹேசல், ஆஷ் முதலிய மரங்களைத் தரையை ஒட்டி வெட்டுவார்கள். அடிக்கட்டை மீண்டும் தளிர்க்கும். வேர் ஏற்கெனவே ஆழமாக இருப்பதால் தளிர்கள் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் வேலிக்கும் கருவிப் பிடிக்கும் விறகுக்கும் உதவும் கம்புகளாகிவிடும். பின்பு மறுபடியும் வெட்டு. காட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு துண்டாக வெட்டிவந்தால், கடைசித் துண்டை முடிக்கும்போது முதல் துண்டு மீண்டும் ஆயத்தமாக இருக்கும். இடையிடையே கர்வாலி மரங்களை மட்டும் வீட்டு உத்திரங்களுக்காக நெடிதுயர விட்டுவைப்பார்கள். பிராட்ஃபீல்டில் இந்த முறை குறைந்தது 1252 முதல் நடந்துவருகிறது.

இன்னொரு செய்தி என்னை நின்று யோசிக்க வைத்தது. வெட்டப்படாமல் வளரும் ஆஷ் மரத்தின் ஆயுள் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் முடிந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வெட்டப்படும் ஆஷ் கட்டையோ ஆயிரம் ஆண்டுகளையும் எட்டக்கூடும். அந்தக் காட்டிலேயே பல அடி அகலமுள்ள ஆஷ் கட்டை ஒன்று உண்டு. நடுப்பகுதி மக்கிப்போய் வளையமாக விரிந்திருக்கும் அது, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று மதிப்பிடுகிறார்கள். வெட்டுண்ட மரத்துக்கு மீண்டும் தழைக்கும் நம்பிக்கை உண்டு, மனிதனுக்கோ அது இல்லையே என்று யோபு புலம்பியதையும், வெட்டுண்ட ஈசாயின் குலத்திலிருந்து துளிர் தோன்றும் என்று ஏசாயா கண்டதையும் நாம் அழகிய உவமைகளாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அவர்கள் மரத்தைக் கூர்ந்து கவனித்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் காட்டின் பழைய உடைமையாளர் யார் தெரியுமா? சில மைல் தொலைவிலுள்ள பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்துப் பெனடிக்டின் மடாலயத்துத் துறவிகள். காட்டின் ஒரு பகுதிக்கு இன்றும் துறவிகள் வனம் என்ற பொருளில் மங்க்ஸ் பார்க் என்றே பெயர். அந்த மடாலயம் இங்கிலாந்தின் செல்வமிக்க மடாலயங்களில் ஒன்று. எட்டாம் ஹென்றி அதை 1539-இல் கலைத்தான். அதன் கற்களை ஊரார் வீடு கட்ட எடுத்துச் சென்றார்கள். மேற்கு முகப்பின் இடிபாடுகளுக்குள்ளேயே வீடுகள் முளைத்திருப்பதை இன்றும் காணலாம். எஞ்சிய நிலம் நகரப் பூங்காவாகிவிட்டது. என்றென்றைக்கும் நிற்கும் என்று கல்லில் எழுப்பியது விழுந்துவிட்டது. கம்புக்காகவும் விறகுக்காகவும் பேணிய காடு நிற்கிறது. துறவிகள் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். ஆலயக் கட்டட நிதிக்காக வீடுவீடாக ஏறி இறங்கியவன் என்ற முறையில் அந்தப் பூங்காவின் பெஞ்சில் உட்கார எனக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது.

அந்நாட்டில் பழங்காடு என்பதற்கு ஒரு வரையறை உண்டு. 1600 முதல் இடையறாது காடாக இருந்துவரும் நிலமே இங்கிலாந்தில் பழங்காடு எனப்படுகிறது. அந்தக் காலத்துக்கு முன் புதிதாகக் காடு நடும் வழக்கம் அரிது. ஆகவே அன்று காடாக இருந்தது அதற்கும் வெகு முன்பிருந்தே காடாக இருந்திருக்கும் என்பது கணிப்பு. இத்தகைய காடு பிரித்தானிய நிலப்பரப்பில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு மட்டுமே எஞ்சியிருக்கிறது. கவனியுங்கள், இந்த வரையறை நிலத்தைக் குறித்தது. மரத்தின் வயது இதில் கேள்வியே இல்லை. ஏர் படாத அந்த மண்ணில் பூஞ்சை இழைகள், விதைகள், புழுபூச்சிகள், கிழங்குகள் யாவும் நூற்றாண்டுகளாகப் பின்னிக்கிடக்கின்றன. வுட் அனிமோனி என்ற சிறு வெண்மலர்ச் செடி நூறு ஆண்டுகளில் ஆறடி தூரமே பரவும் என்கிறார்கள். வசந்தத்தில் அது ஒரு காட்டின் தரையைக் கம்பளமாக மூடியிருந்தால், அதன் பின்னால் எத்தனை தலைமுறை இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மரத்தை வெட்டுவதால் காடு அழிவதில்லை, கட்டையைத் தோண்டி உழுதுபோட்டால்தான் அழியும் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுதியும் பேசியும் வந்தவர், கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் ஆலிவர் ராக்கம் (1939–2015). அதற்கு உதாரணம் பிராட்ஃபீல்டிலேயே உண்டு. 1960-களில் மங்க்ஸ் பார்க்கின் பெரும்பகுதி வேரோடு தோண்டப்பட்டு விளைநிலமாக்கப்பட்டது. ஊரார் எதிர்த்துப் போராடியபின், 1970 அளவில் எஞ்சியதை இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வாங்கிக் காத்தது. எழுநூறு ஆண்டுகள் கோடரி செய்யாததைச் சில ஆண்டுகளில் இயந்திரம் செய்தது.

இப்பொழுது ஆகாபிடம் திரும்புகிறேன். இங்கிலாந்து அரசின் திட்டமிடல் கொள்கை பழங்காட்டை ஈடு செய்ய இயலாத வாழிடம் என்று வகைப்படுத்துகிறது. முற்றிலும் விதிவிலக்கான காரணம் இருந்தாலொழிய அதை அழிக்கும் திட்டத்துக்கு அனுமதி மறுக்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில், அவ்வாறு அனுமதி தரும்போது தகுந்த ஈடு செய்யும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்கிறது! ஈடு செய்ய இயலாததற்கு ஈடு. லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு அமைக்கப்படும் எச்.எஸ்.2 அதிவேக ரயில் பாதைக்கு 2017-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி வழிவிட்டது. பாதையில் பழங்காடுகள் குறுக்கிட்ட இடங்களில் மண்ணை வாரி வேறிடத்தில் பரப்பினார்கள். ஏராளமான கன்றுகளை நட்டார்கள். வாரிக்‌ஷயரின் கப்பிங்டனில் 250 வயது மதிக்கத்தக்க பேரி மரம் ஒன்று இருந்தது. 2015-இல் இங்கிலாந்தின் சிறந்த மரமாக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மரம் அது. 2020-இல் அதை வெட்டினார்கள். அடிக்கட்டையைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டார்கள்; அதில் துளிரும் வந்தது. துளிர்த்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அதன் அருகிலிருந்த காட்டுமண்ணை இழந்ததற்கு அந்தத் துளிர் பதிலாகாது.

அந்தத் திட்டத்தில் யாரும் யேசபேலைப் போல நடந்துகொண்டதாக நான் சொல்லவில்லை. நான் சொல்வது அதற்கு முந்திய நிலையைப் பற்றி. எதைக் கண்டாலும் இதற்கு எது மாற்று என்று கேட்கும் மனம் ஒன்று உண்டு. அந்த மனம் நேர்மையாகவும் கணக்குச் சுத்தமாகவும் இருக்கலாம்; கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கவும் முன்வரலாம். ஆயினும், மாற்றிக் கொள்ள முடியாதது என்று உலகில் ஒன்று இருக்கிறது என்பதை அது உணராது. நாபோத் மறுத்தபோது ஆகாப் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போஜனம் செய்யாமல் கட்டிலில் படுத்துக்கொண்டது அதனால்தான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மரம் முக்கியமா மனிதன் முக்கியமா என்று நம்மில் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரயில் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நான் அந்தக் காட்டுக்குப் போனதே ரயிலில்தான். வேதாகமமும் மரம் வெட்டுவதைப் பாவம் என்று சொல்லவில்லை. சாலொமோனின் ஆலயத்துக்கு லீபனோனின் கேதுரு மரங்கள் வெட்டப்பட்டன. நீண்ட முற்றுகையின்போதும் கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்று உபாகமம் கட்டளையிடுகிறது. மற்றவற்றை வெட்ட அனுமதிக்கிறது. நாபோத்தின் தோட்டமும் வேலியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காட்சிப்பொருள் அன்று. ஆண்டுதோறும் கிளை நறுக்கிப் பழம் பறித்த தோட்டம். துறவிகள் காட்டைப் பயன்படுத்தினார்கள், பயன்படுத்தியதாலேயே காத்தார்கள். வெட்டிய துண்டில் மான்கள் புகுந்து தளிரை மேய்ந்துவிடாதபடி, அக்காலத்தில் காட்டைச் சுற்றி மண்கரையும் அகழியும் அமைத்துப் பராமரித்தார்கள். வெட்டியவனுக்குத் தளிரைக் காக்கும் கடமையும் இருந்தது. நம் காலத்தில் வெட்டும் பகுதி நமக்கு நன்றாக வருகிறது.

நம் சபைகளையே எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் சுற்றுச்சூழல் ஞாயிறு வருகிறது. கன்றுகள் நடுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். ஆகஸ்டில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார் என்று கேட்டால் சபைக்குழுவில் மௌனம். வாகனம் நிறுத்த இடம் வேண்டி வளாகத்து முதுமரம் ஒன்றை எடுக்க நேர்ந்தால், அதற்குப் பதில் பத்துக் கன்று நடுவோம் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்து மனச்சாட்சியை அமர்த்திவிடுகிறோம். கன்று நடுவது நல்லது. ஆனால் அழித்ததற்கு நட்டது கணக்குச் சரியாகிவிட்டது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. இதைச் சபைக்குழுவிலும் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் உடன்பட்டதாகச் சொல்ல முடியாது.

பிராட்ஃபீல்டைப் பற்றி இன்னொன்று. ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் பிரித்தானியாவில் 2012-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இன்று நாடெங்கும் அந்த மரங்கள் பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. சில மரங்கள் மட்டும் நோயைத் தாங்கி நிற்கின்றன. காட்டைப் பேணுகிறவர்கள் குளிர்காலத்தில் வழக்கம்போல் தங்கள் துண்டை வெட்டுகிறார்கள். அதே துண்டு மீண்டும் வெட்டுக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். நாங்கள் அங்கே சந்தித்த தன்னார்வலர் எழுபதைத் தாண்டியவர். வெட்டிய கிளைகளைக் கொண்டே மான் புகாதபடி வேலி அடைத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்.

இவ்வாண்டு சுற்றுச்சூழல் ஞாயிறுக்குப் புதிய கன்றுகள் வாங்கும் முன், ஆலய வளாகத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் இப்போது நிற்கும் மரங்களைக் கணக்கெடுக்கும்படி வாலிபர் சங்கத்தாரைக் கேட்டிருக்கிறேன். எந்த மரத்தை யார், எந்த ஆண்டில் நட்டார் என்று அறிந்த மூத்தவர்கள் ஆராதனை முடிந்தபின் அவர்களிடம் சொல்லுங்கள். வர இயலாதவர்களின் வீட்டுக்கு அவர்களே வருவார்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்