மிக நீண்ட பயணம் எது?

இலண்டன் நிலக்கீழ் புகையிரதத்தில் மிக நீண்ட பயணம் எது? வெஸ்ட் ரைஸ்லிப் நிலையத்தில் ஏறி எப்பிங்கில் இறங்குவது என்பதே வழக்கமான விடை. தூரம் 54.9 கிலோமீற்றர், வண்டி மாறத் தேவையில்லை. பொது அறிவுப் போட்டிக்கு இது போதும். ஆனால் கணிதம் இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது என்பேன்.

வண்டி மாறலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சுற்றிச் சுற்றி வந்து பயணத்தை முடிவின்றி நீட்டலாம். கேள்வியே பொருளற்றுப் போகும். எனவே 'ஒரு நிலையத்துக்கு இருமுறை வரக்கூடாது' என்ற விதி தேவை. அடுத்து, நீளத்தை எதனால் அளப்பது? தூரத்தாலா, நேரத்தாலா, நிலையங்களின் எண்ணிக்கையாலா? லெஸ்டர் ஸ்குவெயருக்கும் கொவென்ட் கார்டனுக்கும் இடையே சுமார் 260 மீற்றர்தான். செஷம் நிலையத்திலிருந்து அடுத்த நிலையமோ 6 கிலோமீற்றருக்கும் அப்பால். அளவுகோல் மாறினால் விடையும் மாறலாம்.

டோக்கியோவில் இதை உண்மையாகவே செய்கிறார்கள். அங்கு ஜே.ஆர். புகையிரதங்களின் புறநகர் வலயத்துக்குள் எவ்வழியாகச் சென்றாலும் மிகக் குறைந்த வழிக்குரிய கட்டணமே. ஒரே நிலையத்தை இருமுறை கடக்கக்கூடாது, இடையில் வெளியேறக்கூடாது, அவ்வளவுதான். அடுத்த நிலையத்துக்குரிய சீட்டுடன் பல மணிநேரம் சுற்றிவருவோர் உண்டு.

மிகக் குறுகிய வழியைக் காண, 1959 இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட விரைவான முறை இருக்கிறது. மிக நீண்ட வழிக்கோ, எல்லா வலையமைப்புக்கும் பொருந்தும் விரைவான முறை இன்றுவரை அறியப்படவில்லை. அறிஞர்களையே திணறவைக்கும் இக்கேள்வி எங்களுக்கும் விளங்குகிறது என்பதுதான் இதன் அழகு.

"இது பரீட்சைக்கு வருமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பல்கலைக்கழக வாசலைத் திறப்பவை புள்ளிகள்தான். ஆனால் வினாத்தாளில் விதிகள் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். நாம் விடையை மட்டும் தேடுகிறோம். பாடசாலை வான் ஓட்டுநருக்கு யாரும் அப்படித் தருவதில்லை. தூரத்தைக் குறைப்பதா, நேரத்தைக் குறைப்பதா என்பதை அவரே முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்தத் தீர்மானிக்கும் பயிற்சி கிடைக்காமலேயே எத்தனையோ மாணவிகள் "எனக்குக் கணக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வராதது கணக்கல்ல, கேட்கும் சந்தர்ப்பம்தான்.

கணித மன்றத்தின் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். இலண்டன் வரைபடத்தைச் சுவரில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் விதிகளை எழுதிவிட்டு வழியைத் தேடட்டும். இரண்டு குழுக்கள் வெவ்வேறு விடைகளுடன் வந்து, இரண்டுமே சரியாக இருந்தால், அன்று அந்த மண்டபத்தில் கணிதம் நடந்திருக்கிறது.