தபாலில் வர வேண்டாம் அந்தப் பட்டம்

அல்ஹம்துலில்லாஹ். அண்மையில் எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் பட்டமளிப்பு விழாவுக்காகத் திருச்சிக்குச் சென்று வந்தோம். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் பெண் அவள்; கணிதத்தில் இளங்கலை முடித்தவள். அந்த விழாவுக்கு நாங்கள் போகாமலே இருந்துவிடப் பார்த்தோம் என்பதுதான் இதை எழுதத் தூண்டியது.

இறுதித் தேர்வு எழுதி ஓராண்டுக்கு மேல் கழிந்த பின்னரே அவளுடைய கல்லூரியில் பட்டமளிப்பு விழா நடந்தது. அந்த இடைவெளிக்குள் நம் பெண்பிள்ளைகள் பலருக்கு நிக்காஹ் முடிந்துவிடுகிறது. எங்கள் பெண்ணின் மடியிலும் நான்கு மாதக் குழந்தை, மாப்பிள்ளை வளைகுடாவில். நேரில் வர இயலாதோர் விண்ணப்பித்தால் சான்றிதழ் தபாலில் அனுப்பப்படும் என்று கல்லூரி அறிவித்திருந்தது. எங்களுக்கும் அதுவே வசதியாகத் தோன்றியது. கைக்குழந்தையோடு ஏன் அலைய வேண்டும் என்றோம். அவளும் மறுத்துப் பேசவில்லை.

மறுத்தவர் அவளுடைய உம்மம்மா ஒருவரே. "பேரன் ஸனது வாங்கினப்போ வேன் பிடிச்சுப் போனோமே, இவளுக்கு மட்டும் தபால்காரரா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

கற்றவரைச் சபை கூட்டிச் சிறப்பிப்பது நமக்குப் புதிதன்று. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதி முடித்தவர் பாகவி ஆகிறார். லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் மன்பஈ ஆகிறார். மதரஸாவின் பெயர் வாழ்நாள் முழுதும் அவர் பெயரோடு சேர்ந்தே வருகிறது. ஸனது வழங்கும் நாளில் உற்றாரும் ஊராரும் திரண்டு செல்கிறோம். செல்வதும் சரியே. மகளின் பட்டம் என்று வரும்போது மட்டும் அது வெறும் காகிதமாகிவிடுவது ஏன்?

விழாவில் ஒரு மாணவிக்கு இருவருக்கே அனுமதிச் சீட்டு. உம்மாவும் உம்மம்மாவும் உள்ளே சென்றனர். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் குழந்தையை மாற்றி மாற்றி ஏந்திக்கொண்டு நின்றோம். ஒலிபெருக்கியில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. அவள் பெயர் கேட்டபோது, அவளுடைய வாப்பா குழந்தையின் காதருகே குனிந்து, "உன் உம்மாவைத்தான் கூப்பிடுறாங்க" என்றார்.

பின்னர் சான்றிதழை உம்மம்மாவின் கையில் கொடுத்தாள் அவள். அவர் அரபுத்தமிழ்க் கிதாபுகளைத் தடையின்றி வாசிப்பவர். ஆனால் எந்த மொழியிலும் எழுதக் கற்றுக்கொடுக்கப்படாதவர். வாசிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுத்தறிவு பெற்றவராகக் கொள்வதில்லை. எனவே அரசின் ஏட்டில் அவர் படிக்காதவர். அவர் கற்றதற்கு எந்தச் சபையும் சாட்சி சொன்னதில்லை. பேத்தியின் பெயர் சபையில் ஒலிக்க வேண்டும் என்று அவர் ஏன் பிடிவாதம் பிடித்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

இத்தகைய விழாக்கள் பெருமைக்கும் முகஸ்துதிக்கும் வழிவகுக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் மகனுக்கு எழாத அச்சம் மகளுக்கு மட்டும் எழுமானால், அதற்குப் பேணுதல் என்று பெயரிட முடியாது. திருமண அழைப்பிதழில் மணமகளின் பெயருக்குப் பின்னால் பட்டத்தை அச்சிடத் தயங்காத நாம், அவள் அதைப் பெறும் இடத்துக்குச் செல்லத் தயங்குகிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் 2,000-க்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தவர்கள். நபித்தோழர்கள் அவர்களிடம் மார்க்க விளக்கம் கேட்டுத் தெளிந்தார்கள். பெண்ணின் கல்வியைச் சபையறியப் போற்றிய சமுதாயத்தின் வழித்தோன்றல்கள் நாம்.

ஆகவே பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள் இது. சம்பந்தம் பேசும்போதே, "பட்டமளிப்பு விழாவுக்குப் பெண் போய்வர வேண்டும்" என்பதையும் பேசிவிடுங்கள். அவளுக்கு முன்னே படிக்க வாய்ப்பில்லாமல் போன ஒரு மூத்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். விருந்தும் வீண்செலவும் வேண்டாம். ஆசிரியைகளைத் தேடிச் சென்று ஸலாமும் நன்றியும் சொல்லுங்கள். லுஹர் தொழுது அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்யுங்கள். திரும்பும் வழியில், "அடுத்து என்னம்மா படிக்கப்போறே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாங்களும் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், பி.எட். படிக்க விரும்புவதாகச் சொன்னாள். மாப்பிள்ளையிடமும் பேசியிருக்கிறோம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உம்மம்மா ஏற்றுக்கொண்டுவிட்டார்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை அல்லாஹ் பெருக்கித் தருவானாக. ஆமீன்.