கரைவெட்டி ஏரியும் நம் விடுமுறைப் பயணமும்

திருமழபாடி என்றவுடன் கொள்ளிடத்தின் வடகரையும் அங்குள்ள பழமையான சிவாலயமுமே பலரது நினைவுக்கு வரும். அவ்வூரை உள்ளடக்கிய அரியலூர் மாவட்டத்திலேயே, கீழப்பழுவூருக்கு அருகில் கரைவெட்டி ஏரி விரிந்து கிடப்பதை, தஞ்சையிலும் திருச்சியிலும் வாழும் நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்றே நம் வாகனங்கள் திரும்புகின்றன.

கரைவெட்டியின் பரப்பு 453 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் வந்து சேரும் பாசன ஏரி அது. பறவைகள் சரணாலயமும் அதுவே. இங்கு ஏறத்தாழ 198 பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வருகின்றன. வரித்தலை வாத்தோ இமயமலையையே கடந்து வருகிறது. 2024 ஜனவரி 31 அன்று இந்த ஏரி ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. ராம்சர் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ஒரு சிறு நகரம். ஈர நிலங்களைக் காப்பதற்கான உலக ஒப்பந்தம் 1971 பிப்ரவரி 2 அன்று அங்கேதான் கையெழுத்தானது. ஈரான் என்றாலே போர்ச் செய்தியை மட்டும் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லலாம்.

ஆனால் நாம் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. நீர்நிலைகளை ஒட்டிய ஊர்களில் கொக்கும் காட்டு வாத்தும் மறைவாக விற்பனைக்கு வருவதுண்டு. "ஹலாலான பறவைதானே, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால் போயிற்று" என்று நம்மில் சிலர் வாங்கவும் செய்கின்றனர். இந்த வாதம் அரைகுறையானது. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மானும் புறாவும் ஹலாலே. எனினும் ஹரம் எல்லைக்குள் அவற்றை வேட்டையாட எவருக்கும் அனுமதியில்லை. ஹஜ் சென்று வந்த ஒவ்வொருவரும் இதை அறிவர். பொருள் ஆகுமானதாக இருப்பது வேறு; அது இருக்கும் இடம் காக்கப்பட்டதாக இருப்பது வேறு.

ஹரமின் புனிதம் கரைவெட்டிக்கு உண்டு என்று நாம் சொல்லவில்லை. அதற்கு நெருங்கிய ஒப்புமை 'ஹிமா'. பொது நலனுக்காக ஒதுக்கிக் காக்கப்படும் நிலத்துக்கு அப்பெயர். உமர் (ரலி) அவர்கள் ரபதாவை அவ்வாறு ஒதுக்கியபோது, சிறு மந்தை உடையோரை உள்ளே விடுமாறும், செல்வர்களின் மந்தைகளைத் தடுக்குமாறும் காவலரிடம் கூறினார்கள். கரைவெட்டி நீரை நம்பி நெல்லும் கரும்பும் பயிரிடும் சுற்றுவட்டார உழவர்களே அங்கு முதல் உரிமை உடையோர். காரில் வந்து இறங்கும் நாம் அவர்களுக்குப் பின்னரே.

டிசம்பர், ஜனவரியில் செல்லுங்கள். ஃபஜ்ருத் தொழுகை முடித்துப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் கரையில் நிற்கலாம். இருநோக்கி ஒன்று இருந்தால் குடும்பம் முழுவதற்கும் போதும். ஒலிபெருக்கி வேண்டாம், நெகிழித் தட்டும் வேண்டாம். பிரியாணி அண்டாவைக் கீழப்பழுவூரிலேயே இறக்கி, அங்கேயே உண்டு முடித்துவிட்டு ஏரிக்குப் போவது நல்லது.