ஊருக்கு வந்ததா குற்றம்?

தாய்க்குப் பக்கவாதம் என்று சேதி கேட்டு அடித்துப்பிடித்துக்கொண்டு ஊர் வருகிறார் ஒருவர். சிங்கப்பூரில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்தவர். அங்கே வரி கட்டியவர், மாதந்தோறும் மத்திய சேமநிதியில் பணம் போட்டவர், மகனைத் தேசிய சேவைக்கு அனுப்பியவர். நிரந்தரவாசி என்பதற்கு அடையாளமான நீல அட்டை எப்போதும் அவர் பணப்பையில் இருக்கும். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் திருச்சியில் இறங்கினார். தாயின் கட்டில் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து தஞ்சாவூர், பிறகு வீடு என்று மாதங்கள் ஓடின. கருமாதி முடிந்து பெட்டியை இறக்கித் தாள்களைப் புரட்டும்போதுதான், மறுநுழைவு அனுமதியின் தேதி எப்போதோ முடிந்துபோனது தெரிகிறது.

இவருக்குப் பெயரோ முகவரியோ தரத் தேவையில்லை. அறந்தாங்கியிலோ கோட்டைப்பட்டினத்திலோ பொன்னமராவதியிலோ ஒரு தேநீர்க் கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் யாரையாவது நினைத்துக்கொண்டுதான் தலையாட்டுவார்.

பெற்றவளின் கட்டிலருகே கழிந்த நாட்களை, வாழவைத்த நாட்டைக் கைவிட்ட நாட்களாகக் கணக்கெழுதுவது அறமாகாது. இதுவே நம் தீர்ப்பு. ஆனால், இதை அயல்நாடுகளுக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துபோகும் உரிமை நமக்கில்லை. ஏன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் சட்டத்தின் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். சிங்கப்பூர் நிரந்தரவாசி ஒருவர் வெளிநாடு போனால், செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி அவரிடம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வெளியே இருந்தாலே தகுதி பறிபோகும் என்பதுதான் பழைய நிலை. 2023 செப்டம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்தியது. அதன்படி 2025 டிசம்பர் 1 முதல், அனுமதியின்றி வெளியே இருப்பவர் புதிதாக விண்ணப்பிக்க 180 நாள் கெடு உண்டு. விண்ணப்பிக்காவிட்டாலும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் தகுதி போய்விடும். முன்பைவிட இது தெளிவானது, ஓரளவு கனிவானதும்கூட. அதைப் பாராட்டத் தயக்கமில்லை.

தன் நாட்டில் யார் நிலையாக இருக்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. வேறெங்கோ குடியிருந்துகொண்டு, ஆபத்துக்கு ஒதுங்க ஓர் இடம் என்று மட்டும் அட்டையைப் பத்திரப்படுத்துகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களிடம் ‘இங்கே வாழ்கிறீர்களா, இல்லையா?’ என்று கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்விக்கு நாள்காட்டி மட்டுமே பதில் சொல்லலாம் என்பதைத்தான் நாம் ஏற்கவில்லை. ஒருவர் எத்தனை நாள் இல்லை என்பதை இயந்திரம் எண்ணிவிடும். ஏன் இல்லை என்பதை மனிதர்தான் கேட்டறிய முடியும்.

அப்படிக் கேட்கும் சட்டங்கள் உலகில் இருக்கின்றன. கனடாவில் நிரந்தரவாசி ஐந்து ஆண்டில் 730 நாட்கள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். நாள் குறைந்தாலும், மனிதாபிமானக் காரணங்களை அதிகாரி எடைபோட வேண்டும் என்றும், பாதிக்கப்படும் குழந்தையின் நலனைப் பார்க்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீடும் உண்டு. அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் அந்த அட்டையைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. ஆனால், தன் கையை மீறிய காரணத்தால்தான் தங்க நேர்ந்தது என்று நிறுவினால், திரும்பும் குடியிருப்பாளருக்கான விசா பெற ஒரு வழி இருக்கிறது. குறுகிய வழிதான், ஆனால் அடைத்துவிடவில்லை.

கேட்காமல் எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. கரீபியத் தீவுகளிலிருந்து சிறுவயதில் வந்து, அந்நாட்டின் மருத்துவமனைகளிலும் பேருந்துகளிலும் ஆயுள் முழுக்க உழைத்தவர்களிடம் பின்னாளில் காகிதம் கேட்டார்கள். உறவினரைப் பார்க்க ஜமைக்கா போன சிலரால் திரும்பி வரவே முடியவில்லை. ‘விண்ட்ரஷ்’ விவகாரம் என்று 2018இல் அது வெடித்தபோது அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வருவதற்குள் சிலர் இறந்தே போயிருந்தார்கள்.

புதுக்கோட்டைக்கு இந்த விஷயம் ஏன் இவ்வளவு நெருக்கமானது? நம் ஊர்களின் பொருளாதாரமே போவதும் வருவதுமாக அமைந்தது. அக்கரைச் சீமைக்குப் போனவர்கள் யாரும் ஊரை அறுத்துக்கொண்டு போகவில்லை. ராயவரத்திலும் கடியாபட்டியிலும் நிற்கும் நகரத்தார் வீடுகளைக் கட்டிய பணம் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டியது. ‘கொண்டுவிக்க’, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஏஜெண்டுகள் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள், மறுபடி போவார்கள். கடலோர முஸ்லிம் ஊர்களில் சபுராளி என்ற சொல்லே அப்படிப் போய்வருகிறவருக்காகப் பிறந்ததுதான். கப்பல் போக்குவரத்து இருந்த காலத்தில் ‘ரஜூலா’ கப்பலிலும் பிறகு ‘சிதம்பரம்’ கப்பலிலும் போனார்கள். இன்று திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். பயணம் சுருங்கியது, வழக்கம் மாறவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும், கோயில் குடமுழுக்குக்கும், கந்தூரிக்கும் ஊருக்கு வராத மனிதரை நம் ஊர் மதிப்பதில்லை.

அந்த மனிதருக்கு இரண்டு ஊர் உண்டு, இரண்டுக்கும் கடமை உண்டு. ஒன்றில் இருக்கும்போது மற்றதைத் துறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொண்டால், அது அவரைப் புரிந்துகொள்ளவே இல்லை என்றுதான் பொருள். வீட்டுக்கு மூத்தவர் படுக்கையில் கிடக்கும்போது விமானம் ஏறிப் போய்விடுகிற ஒருவரை எந்த நாடும் நல்ல குடியிருப்பாளர் என்று கொண்டாட வேண்டியதில்லை. பெற்றவரைப் பார்த்துக்கொள்ளும் குணம்தான் அண்டை வீட்டாரையும் பார்த்துக்கொள்ளும்.

சூழ்நிலையால் வெளியே இருக்க நேர்ந்தவரின் நிரந்தரக் குடியிருப்பு அறுந்துபோகாது என்று ஒரு நாடு சட்டமே எழுதியிருக்கிறது. அது நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் இலங்கை. 1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்த அதே நாடு, 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. 1964 அக்டோபர் 30 முதல், அதாவது சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தான நாள் முதல், இலங்கையின் நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. கலவரத்துக்கும் போருக்கும் அஞ்சி இந்தியா வந்து முகாம்களில் கிடந்தவர்கள் அந்த நிபந்தனையில் அடிபட்டுப் போனார்கள். 2009இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து அந்தத் தடையை நீக்கினார்கள். அவர்கள் விரும்பிப் போனவர்கள் அல்லர், ஆகவே அவர்கள் இல்லாத ஆண்டுகளை அவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாது என்ற நியாயம் சட்டப் புத்தகத்தில் ஏறியது. போர் நடந்த நாட்டால் இவ்வளவு முடிந்ததென்றால், அமைதியும் செல்வமும் நிறைந்த நாடுகளால் முடியாதா?

இந்தக் கேள்வியைக் கேட்ட கையோடு நம் வாசலையும் திரும்பிப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு, அழியாநிலை ஆகிய மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 முதல் அவற்றை மறுவாழ்வு முகாம் என்கிறோம். அங்கே பிறந்து, இங்குள்ள பள்ளியில் படித்து, இங்கேயே மணமுடித்து, பிள்ளை பெற்றவர்கள் வாழ்கிறார்கள். பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு காலையில் கிளம்பிப் போய் நம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள். அதிகாரிகள் முகாமில் ஆள் எண்ணும் தணிக்கை நாளன்று மட்டும் வேலையை விட்டுவிட்டு, வரிசையில் நின்று ‘இருக்கிறேன்’ என்று முகம் காட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் பதிவில் பெயர் என்ன ஆகுமோ என்ற அச்சம், பணக்கொடை நின்றுவிடுமோ என்ற கவலை. வெளிநாட்டு விமான நிலையத்தில் நம்மவர் எந்தக் கேள்விக்குக் கூனிக்குறுகி நிற்கிறாரோ, அதே கேள்வியை நாம் இவர்களிடம் நாற்பது ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சிங்கப்பூரில் நம்மவருக்கு நாள் போதவில்லை. இங்கே இவர்களுக்கோ எத்தனை நாள் இருந்தாலும் போதவில்லை. இந்தியச் சட்டம் இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு அணுக வேண்டிய நியாயத்தை எடுத்துரைத்தது. 2025 செப்டம்பரில் நடுவண் அரசு ஒரு விலக்கு அளித்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது, ஆவணமின்றி இருப்பதற்காகத் தண்டனை பாயாது என்பதுதான் அது. நல்ல முதல் அடி. ஆனால், தண்டிக்க மாட்டேன் என்பதற்கும் நீ இங்கே இருக்க உரியவன் என்பதற்கும் நடுவே ஒரு தலைமுறையின் வாழ்க்கை கிடக்கிறது.

அயலகத் தமிழர் நலனையும் முகாம்வாழ் மக்களின் மறுவாழ்வையும் தமிழ்நாடு அரசு ஒரே ஆணையரகத்தின் கீழ் வைத்திருக்கிறது. தற்செயலாக அமைந்ததோ என்னவோ, சரியாகவே அமைந்திருக்கிறது. இரண்டும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள். ஒரு பக்கம் வென்றால் போதும் என்று வாதாட முடியாது.

ஆகவே நம் கோரிக்கைகளை இரு பக்கத்துக்கும் வைக்கிறோம். நிரந்தரவாசம் தரும் நாடுகள், தகுதியைப் பறிக்கும் முன் காரணத்தைக் கேட்க வேண்டும். பெற்றோரின் நோய், சாவு, குழந்தையின் சிகிச்சை ஆகியவற்றை ஏற்கத்தக்க காரணங்களாகச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். அதிகாரியின் நல்ல மனத்தை நம்பி அது தொங்கக்கூடாது. இந்திய அரசு தன் தூதரகங்கள் மூலம் இதை எடுத்துப் பேச வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் அரசுக்கு, அதை அனுப்பியவரின் உரிமை கைநழுவும்போது கைகட்டி நிற்கும் உரிமை கிடையாது. மாநில அரசு ஆண்டுதோறும் ஜனவரி 12இல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறது. விழா மேடை அவசியம்தான், அதைவிட அவசியம் மாவட்ட ஆட்சியரகத்தில் ஒரு மேசை. காலாவதித் தேதியைப் பார்த்துச் சொல்லவும், விண்ணப்பத்தை நிரப்பித் தரவும், மருத்துவச் சான்றை முறைப்படி வாங்கித் தரவும் அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பும். இன்று அந்த வேலையைச் செய்துதருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தரகர்களிடம்தான் மக்கள் போய் நிற்கிறார்கள்.

ஊர் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதியின் தேதியைப் பாருங்கள். தேதி நெருங்கினால் அங்கிருக்கும்போதே புதுப்பியுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். அம்மாவின் நிலைமையைச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதிய கடிதமும், அதற்கு வந்த பதிலும், நாளை உங்களுக்காகப் பேசும். துக்கத்தின் நடுவே காகிதத்தைத் தேடுவது கொடுமைதான். தேட வேண்டாத உலகம் வரும்வரை தேடித்தான் ஆக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது நம் கையிலேயே இருக்கிறது. தோப்புக்கொல்லையிலும் லேணாவிளக்கிலும் அழியாநிலையிலும் வாழ்கிறவர்களில் இங்கேயே இருக்க விரும்புவோருக்குக் குடியுரிமை தாருங்கள். திரும்பிப் போக விரும்புவோருக்குப் பயணத்தையும் ஆவணத்தையும் தடையின்றித் தாருங்கள். தணிக்கை வரிசையை ஒழியுங்கள். அதைச் செய்துவிட்டு நாம் வெளிநாட்டு வாசலில் போய் நின்று, தாயைப் பார்க்க ஊர் வந்தவரைத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டால், அந்தக் குரலில் பிசிறு இருக்காது.