கொங்கா இருக்கு, தப்பு எங்க?

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா என்றால் இப்போது மேடையில் ஒக்டபேட் நிற்கிறது. நிற்கட்டும், நாங்களும் அதற்கு ஆடியவர்கள்தான். ஆனால் "மெஷின் வந்துதான் தப்பு செத்துப் போச்சு" என்று பெரியவர்கள் சொல்லும்போது எங்களால் தலையாட்ட முடியவில்லை. மெஷின்மேல் பழி போடுவது லேசு, அது திருப்பிப் பேசாது.

1980இல் ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1தான், நிஜ மேளச் சத்தத்தைப் பதிவுசெய்து சிப்பில் வைத்த முதல் டிரம் மெஷின். அதில் சிம்பல் கிடையாது. சிம்பல் சத்தம் நீளம், அன்றைக்கு மெமரி விலை எக்கச்சக்கம். 1982இல் வந்த லின்டிரம்மில் சிம்பலும் சேர்ந்தது. கொங்கா, கபாசா, கௌபெல் எல்லாம் இருந்தது. தப்பு இல்லை. கலிபோர்னியாவில் இருந்தவர்கள் தங்கள் காதில் விழுந்ததை வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சிப்பைக் கழற்றி மாற்றலாம். ஈப்ரொம் என்பார்கள். மேலே சின்னதாய் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதில் புற ஊதா வெளிச்சம் காட்டினால் பழைய சத்தம் அழிந்துவிடும், புதுசை எழுதலாம். 4 கிலோபைட் கொள்ளும் 2732 சிப்பில், நொடிக்கு 28,000 மாதிரி என்று வைத்தால், ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குதான் பிடிக்கும். நெருப்பில் காய்ச்சி விறைத்த தோலில் நறுக்கென்று விழும் அடிக்கு அது போதும். இன்றைய சாம்பிளிங் பேடில் எதையும் கழற்றவே வேண்டாம், ஒரு பைலை ஏற்றினால் சரி.

அப்போ ஏன் யாரும் ஏத்தல?

வெட்கம். பெரட்டுக்கு ஆள் எழுப்ப விடியலில் அடித்ததும் தப்பு, மாசியில் காமன் கூத்துக்கு அடிப்பதும் தப்பு, சாவு வீட்டிலும் தப்பு. துரைமாருக்கு அது வேலை மணி. நம்மாட்களுக்கு அது அடிக்கிறவரின் சாதி. கல்யாணத்துக்கு "தப்பு வேணாம், பேண்ட் கூப்பிடு" என்கிற அதே வாய்தான் 2023இல் மலையகம் 200 என்றதும் "எங்கள் பாரம்பரியம்" என்று பேசியது. இதை எந்த சிப்பும் செய்யவில்லை.

பதிவு செய்யத்தான் வேண்டும் என்கிறோம். ஆனால் அடித்த அண்ணனின் பெயரோடு, அவர் கேட்கிற காசு கொடுத்து. பறித்த அக்காவின் பெயர் எந்தத் தேயிலைப் பெட்டியிலும் இல்லை. "மலையகத் தப்பு" என்று லேபல் ஒட்டி இன்னொரு மொத்த ஏற்றுமதி நடக்க நாங்கள் மைக் பிடிக்க மாட்டோம்.

இன்னொன்று. சிப்பில் ஏறுவது ஒற்றை அடிதான். ஆட்டக்காரரின் காலைப் பார்த்து வேகத்தை மாற்றுகிற கை அதில் ஏறாது. அதற்கு ஆளைத்தான் கூப்பிட வேண்டும், ஒக்டபேட்காரருக்குக் கொடுக்கிற அதே சம்பளத்தில், அதே மேடைக்கு.